ஆபீஸ் பார்க்கிங்: தோண்டுவதா, அடுக்குவதா, கட்டுவதா? வடாலா காட்டும் கணக்கு

2024 மே 13-ம் தேதி பிற்பகலில் மும்பையைப் புழுதிப் புயல் தாக்கியது. காட்கோபரில் ராட்சத விளம்பரப் பலகை விழுந்து 17 பேர் உயிரிழந்த செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டது. அதே நாளில் சில கிலோமீட்டர் தள்ளி, வடாலா கிழக்கில் பர்கத் அலி நாக்கா அருகே இன்னொரு விபத்து நடந்தது. கட்டப்பட்டுவந்த ஒரு கட்டடத்துக்காக எழுப்பப்பட்டுக்கொண்டிருந்த உலோக பார்க்கிங் கோபுரம் அப்படியே சாலையில் சரிந்தது. வாகனங்கள் அடியில் நசுங்கின, சிலர் காயமடைந்தனர்.

காரை நிறுத்த ஒரு கோபுரமா என்று உங்களுக்குத் தோன்றலாம். மும்பையில் இது சாதாரணம். நிலத்தின் விலை ஏற ஏற, கார் நிற்கும் இடமும் மேலேயோ கீழேயோதான் போக வேண்டியிருக்கிறது. நீங்கள் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ இருந்துகொண்டு வடாலா வழியாக வேலைக்குப் போகிறவராக இருந்தால், சாலையோரம் எழும் புதிய கட்டடங்களின் முதல் ஐந்தாறு மாடிகள் ஜன்னல் இல்லாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே நிற்பவை எல்லாம் கார்கள்.

அந்த மாடிகளை ஏன் கட்டுகிறார்கள், எப்படிக் கட்டுகிறார்கள், எங்கே தப்பு நடக்கும், கார் இல்லாத நீங்கள் அதற்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் கணக்கு: ஒரு காருக்கு எவ்வளவு இடம்?

மும்பை விதிகளின்படி ஒரு பெரிய காருக்கான கட்டம் 2.5 மீட்டர் அகலம், 5.5 மீட்டர் நீளம். அதாவது 13.75 சதுர மீட்டர். சின்ன காருக்கு 2.3-க்கு 4.5 மீட்டர்.

இது கார் நிற்பதற்கு மட்டுமான இடம். அது உள்ளே வந்து திரும்ப வழி வேண்டும், ஏறி இறங்கச் சாய்தளம் வேண்டும், நடுவே தூண்கள், லிஃப்ட், படிக்கட்டு எல்லாம் வேண்டும். இவற்றையும் பங்கு போட்டால், சாய்தளம் வைத்த கட்டடத்தில் ஒரு காருக்குச் சுமார் 30 சதுர மீட்டர், அதாவது 320 சதுர அடிக்கு மேல் போய்விடும்.

இப்போது உங்கள் சீட்டைப் பாருங்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, தீயணைப்புக் கணக்குக்காக அலுவலகத்தில் ஒருவருக்கு 10 சதுர மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் ஒரு கார், மூன்று ஊழியர்களின் இடத்தை எடுத்துக்கொள்கிறது.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். 10,000 சதுர மீட்டர் அலுவலகம். 1,000 பேர் வேலை செய்கிறார்கள். 75 சதுர மீட்டருக்கு ஒரு கார் என்ற அளவில் இடம் விட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

- தேவைப்படும் கார் இடங்கள்: 133
- அதற்கான தளப்பரப்பு: சுமார் 4,000 சதுர மீட்டர்
- இடம் கிடைக்கும் ஊழியர்கள்: 100-க்கு 13 பேர்
- கான்கிரீட், ஒரு சதுர மீட்டருக்கு 0.35 கன மீட்டர் என்றால்: 1,400 கன மீட்டர்
- 6 கன மீட்டர் கொள்ளும் மிக்சர் லாரிகள்: 230 நடைக்கு மேல்

பத்தாயிரம் சதுர மீட்டர் ஆபீஸுக்கு நாலாயிரம் சதுர மீட்டர் பார்க்கிங். ஆபீஸ் வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் இயங்கினால், வாரத்தின் 168 மணி நேரத்தில் அந்த இடம் நிறைந்திருப்பது அதிகபட்சம் 50 மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் காலி.

சரி, கட்டாமலே விட்டால் என்ன?

விட முடியாது. இந்திய நகரங்களின் கட்டட விதிகள், இத்தனை சதுர மீட்டருக்குக் குறைந்தபட்சம் இத்தனை கார் இடம் என்று கட்டாயப்படுத்துகின்றன. அதைக் காட்டாவிட்டால் வரைபடத்துக்கு அனுமதி கிடைக்காது.

மும்பையில் இன்னொரு காரணமும் உண்டு. ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதை எஃப்.எஸ்.ஐ. எனும் தளப்பரப்புக் குறியீடு தீர்மானிக்கிறது. விதிப்படி தேவையான பார்க்கிங் இந்தக் கணக்கில் சேராது. அதாவது பார்க்கிங் மாடி கட்டினால் விற்பனைக்கான பரப்பு குறைவதில்லை. கூடவே, ஆறு மாடி பார்க்கிங்குக்கு மேலே ஆபீஸ் தொடங்கினால் 'முதல்' மாடியிலிருந்தே நல்ல காட்சி கிடைக்கும். விலையும் ஏறும்.

2008-க்குப் பிறகு மும்பை இதைவிட ஒரு படி மேலே போனது. தனியார் மனையில் பொதுப் பார்க்கிங் கட்டி மாநகராட்சியிடம் ஒப்படைத்தால், பதிலாகக் கூடுதல் எஃப்.எஸ்.ஐ. தரும் திட்டம் வந்தது. மாநகராட்சிக்குக் காசு செலவில்லாமல் பார்க்கிங், கட்டுநருக்குக் கூடுதல் மாடிகள். ஆனால் கட்டிய இடத்துக்கு வண்டிகள் தானாக வந்துவிடவில்லை. தெருவில் இலவசமாக நிறுத்த முடியும்போது யார் காசு கொடுத்து உள்ளே போவார்கள்? 2019 ஜூலையில் பொதுப் பார்க்கிங் இடங்களைச் சுற்றி 500 மீட்டருக்குள் தெருவில் வண்டி நிறுத்தினால் ரூ. 5,000 முதல் சுமார் ரூ. 23,000 வரை அபராதம் என்று மாநகராட்சி அறிவிக்க வேண்டிவந்தது.

ஏன் வடாலா?

வடாலாவின் நவீன வரலாற்றில் பார்க்கிங்குக்குத் தனி இடம் உண்டு. தென் மும்பை நெரிசலிலிருந்து லாரிகளை வெளியே எடுக்க, மும்பைப் பெருநகர வளர்ச்சி ஆணையமான எம்.எம்.ஆர்.டி.ஏ. இங்கே லாரி முனையம் அமைத்தது. பிறகு அதே ஆணையம் இந்த இடத்தைப் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் போல ஒரு வணிக மையமாக்கப் பார்த்தது. 2010-ல் இங்கே ஒரு பெரிய மனையை லோதா நிறுவனம் சுமார் ரூ. 4,050 கோடிக்கு ஏலம் எடுத்தது. அந்த நேரத்தில் நாட்டின் மிகப் பெரிய நில ஒப்பந்தம் என்று அது பேசப்பட்டது.

இவ்வளவு விலை கொடுத்த நிலத்தில் யாரும் காரைத் தரையில் நிறுத்திவைக்க மாட்டார்கள். ஆனால் வடாலாவின் நிலம் அவ்வளவு சுலபமாக வளைந்துகொடுக்கும் நிலமும் அல்ல. ஒரு காலத்தில் உப்பளங்களும் சேற்று நிலமுமாக இருந்த பகுதி இது. கிழக்கே கழிமுகம். பல இடங்களில் மேலே இட்டு நிரப்பிய மண், அதன் கீழே குழைவான கடற்களிமண், அதற்கும் கீழேதான் பாறை. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வரும், அதுவும் உப்புத் தண்ணீர். காற்றிலும் உப்பு.

இந்த நிலத்தில் பார்க்கிங் அமைக்க மூன்று வழிகள் இருக்கின்றன.

வழி 1: கீழே தோண்டுவது

அடித்தளத்தில் கார் நிறுத்தினால் வெளியே எதுவும் தெரியாது. தெரு அழகாக இருக்கும். பாறை மேலேயே இருக்கும் ஊர்களில் இது நல்ல வழி. வடாலாவில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன.

முதல் சிக்கல், பக்கத்து மண். குழி தோண்டும்போது சுற்றியுள்ள மண் உள்ளே சரியாமல் தடுக்க வேண்டும். வரிசையாகக் கான்கிரீட் பைல்களை இறக்கி, அல்லது தரைக்குள்ளேயே கான்கிரீட் சுவர் எழுப்பி, அதன் பிறகுதான் தோண்ட வேண்டும். இது சரியாக இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை வடாலா பார்த்திருக்கிறது. 2018 ஜூன் 25-ம் தேதி, கனமழையின்போது ஆண்டாப் ஹில் வித்யாலங்கார் சாலையில் உள்ள லாயிட்ஸ் எஸ்டேட் குடியிருப்பின் சுற்றுச்சுவரும் உள்சாலையும் பக்கத்துக் கட்டுமானக் குழிக்குள் சரிந்தன. அங்கே நிறுத்தியிருந்த கார்கள் பொம்மைகள் மாதிரி குழிக்குள் போயின. குடியிருப்பவர்களைப் பாதுகாப்புக்காக வெளியேற்ற வேண்டியிருந்தது.

இரண்டாவது சிக்கல், தண்ணீரின் தூக்கும் விசை. காலி அண்டாவைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அழுத்திப் பாருங்கள், அது மேலே வரத் துடிக்கும். அடித்தளமும் அப்படித்தான். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போகும் ஒவ்வொரு மீட்டருக்கும், ஒரு சதுர மீட்டருக்கு 1 டன் வீதம் தண்ணீர் மேல்நோக்கித் தள்ளுகிறது. நீர்மட்டத்துக்குக் கீழே 5 மீட்டர் போனால் 5 டன். அதைக் கான்கிரீட்டின் எடையால் மட்டும் சமாளிக்க வேண்டுமென்றால் 2 மீட்டர் தடிமன் வேண்டும்.

மேலே முப்பது மாடிக் கோபுரம் இருந்தால் அதன் எடையே அழுத்திப் பிடித்துவிடும். ஆனால் பார்க்கிங் எப்போதும் கோபுரத்தைவிட அகலமானது. கோபுரத்துக்கு வெளியே, தோட்டத்துக்கும் நடைபாதைக்கும் கீழே இருக்கும் பகுதியின் மேல் எடை கிடையாது. அங்கே பாறைக்குள் நங்கூரம் போல கம்பிகளை இறக்கிக் கட்ட வேண்டும். கட்டுமானம் நடக்கும்போது, மேலே போதிய எடை ஏறும்வரை தண்ணீரை இறைக்கும் பம்பையும் நிறுத்த முடியாது.

இவற்றோடு மழை வேறு. 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸ் நிலையத்தில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை பதிவானது. கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் தேங்காத மழைக்காலத்தை மாட்டுங்காக்காரர்கள் யாராவது பார்த்திருக்கிறார்களா? அப்படிப்பட்ட வட்டாரத்தில், சாய்தளத்தின் வாயில் ஒரு சின்ன மேடு இல்லையென்றால் தெருத் தண்ணீர் முழுவதும் உங்கள் அடித்தளத்துக்குள்தான் வரும்.

வழி 2: இரும்பில் அடுக்குவது

இயந்திரப் பார்க்கிங்கில் கார் தானாக ஓடி ஏறாது. தட்டில் நிறுத்திவிட்டு நீங்கள் இறங்கிவிட வேண்டும், லிஃப்ட் அதைத் தூக்கிக்கொண்டு போய் அடுக்கும். வழி, சாய்தளம் எதுவும் வேண்டாம். நான்கு கார் நிற்கும் தரையில் நாற்பது காரைக்கூட அடுக்கிவிடலாம். மும்பை பூலாபாய் தேசாய் சாலையில் 2021 ஜூலையில் திறக்கப்பட்ட 21 அடுக்கு ரோபோ பார்க்கிங் கோபுரத்தின் கொள்ளளவு 240 வாகனங்கள்.

இடம் மிச்சமாகும், ஆனால் நேரம் போகும். ஒரு காரை இறக்க 2 நிமிடம் என்று வையுங்கள். ஒரே லிஃப்ட் உள்ள கோபுரத்தில் மாலை ஆறரைக்கு நாற்பது பேரும் வந்து நின்றால், கடைசி ஆள் கிளம்ப 80 நிமிடம் ஆகும். வீட்டில் நாள் முழுக்க வண்டிகள் மாறி மாறிப் போகும், அங்கே இது சரிப்படும். எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பும் ஆபீஸில் இதுதான் பெரிய தலைவலி. மின்சாரம், சங்கிலி, சென்சார், பராமரிப்பு ஒப்பந்தம் என்று எதில் ஒன்று நின்றாலும் உங்கள் கார் மேலேயே மாட்டிக்கொள்ளும்.

பாதுகாப்பு விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கோபுரங்கள் ஒல்லியானவை, உயரமானவை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875, கட்டடங்களை வடிவமைக்க மும்பைக்கு விநாடிக்கு 44 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 158 கி.மீ. வேகத்தை அடிப்படையாக வைக்கிறது. சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் முழுதாகக் கட்டி முடித்த கோபுரத்துக்கு. பாதி எழும்பிய சட்டகத்தில் குறுக்குக் கம்பிகள் முழுதாக மாட்டியிருக்காது, அடியில் போல்ட்டுகள் முழுதாக இறுகியிருக்காது. அந்த இடைக்காலத்துக்கு தனியாகக் கணக்குப் போட்டு, தற்காலிகப் பிடிமானம் கொடுக்க வேண்டும். 2024 வடாலாவில் விழுந்ததும் கட்டி முடியாத கோபுரம்தான்.

வழி 3: கான்கிரீட் மாடிகள்

தோண்டினால் தண்ணீர், அடுக்கினால் வரிசை. அதனால்தான் மும்பையின் பெரிய ஆபீஸ் கட்டடங்கள் பெரும்பாலும் மூன்றாவது வழிக்கு வருகின்றன. தரைக்கு மேலே அகலமான கான்கிரீட் பார்க்கிங் மாடிகள், அவற்றின் தலையில் ஆபீஸ் கோபுரம். இதைத்தான் 'போடியம்' என்கிறார்கள். பம்ப் வேண்டாம், பக்கங்கள் திறந்திருப்பதால் காற்று வரும், உங்கள் காரை நீங்களே எடுத்துக்கொண்டு கிளம்பலாம். இதைக் கட்டுவதில் கவனிக்க வேண்டியவை ஐந்து.

*தூண் எங்கே நிற்கும்?* ஒரு கட்டம் 2.5 மீட்டர் என்றால் மூன்று காருக்கு 7.5 மீட்டர். தூணின் அகலத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 8.4 மீட்டர். அதனால்தான் பல ஆபீஸ் கட்டடங்களில் இந்த இடைவெளியில் தூண்கள் வருகின்றன. உங்கள் மீட்டிங் ரூமின் நடுவில் ஒரு தூண் துருத்திக்கொண்டு நிற்கிறதா? அதன் இடத்தை முடிவு செய்தது, பத்து மாடி கீழே நிற்கும் கார்களாக இருக்கலாம். மேலே உள்ள தூணை ஆபீஸுக்கு ஏற்றபடியும் கீழே உள்ளதைக் காருக்கு ஏற்றபடியும் வைக்க நினைத்தால், நடுவில் மிகப் பெரிய உத்திரங்கள் தேவைப்படும். செலவு எகிறும்.

*எவ்வளவு எடை?* கார் நிற்கும் தளம் ஆபீஸ் தளத்தைவிட பலமாக இருக்க வேண்டும் என்றுதானே நினைக்கிறீர்கள்? விதியைப் பார்த்தால் அப்படி இல்லை. ஐ.எஸ். 875, சாதாரணக் கார்களுக்கான தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 250 கிலோ சுமையைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஃபைல்களுக்குத் தனி அறை இல்லாத ஆபீஸுக்கு 4 கிலோநியூட்டன். ஒன்றரை டன் காரை அதன் கட்டத்தின் 13.75 சதுர மீட்டரில் பரப்பினால் சதுர மீட்டருக்கு 110 கிலோதான் வரும். காரின் சிக்கல் மொத்த எடை அல்ல, அது நான்கு சக்கரங்களின் அடியில் புள்ளியாக இறங்குவதுதான். அதற்கென்று தனியாகப் புள்ளிச் சுமைக் கணக்கும் உண்டு.

*தூண் தளத்தைத் துளைக்குமா?* உயரத்தை மிச்சப்படுத்த, உத்திரமே இல்லாமல் தட்டையான தளத்தை நேரே தூண் மேல் வைப்பார்கள். பொரித்த அப்பளத்தை விரல் நுனியில் வைத்து மேலிருந்து அழுத்தினால் என்ன ஆகும்? விரல் அதைக் குத்திக்கொண்டு வெளியே வரும். தட்டைத் தளத்திலும் தூணைச் சுற்றி இதே ஆபத்து உண்டு. இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகரில் 1997 மார்ச் 20 அதிகாலையில் பைப்பர்ஸ் ரோ பார்க்கிங்கின் மேல்தளம் இப்படித்தான் இடிந்து விழுந்தது. அந்த நேரத்தில் ஆள் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. வருடக்கணக்கில் தண்ணீர் இறங்கி, தூணைச் சுற்றிக் கான்கிரீட் நைந்துபோயிருந்தது. தூண் தலையில் தளத்தைத் தடிமனாக்குவதும், அங்கே கூடுதல் கம்பி போடுவதும் இதைத் தடுக்கத்தான்.

*உப்பு என்ன செய்யும்?* வடாலாவில் இதுதான் முக்கியம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு உப்பும் ஈரமும் சேர்ந்து எட்டினால் துருப்பிடிக்கும். துருவின் கனஅளவு இரும்பைவிடப் பல மடங்கு. உள்ளே இடம் போதாமல் அது கான்கிரீட்டை வெடிக்கவைக்கும். ஆபீஸ் மாடிகள் கண்ணாடிக்குள் ஏ.சி.யில் இருக்கின்றன. பார்க்கிங் மாடியோ பக்கமெல்லாம் திறந்து, மழைக்காலத்தில் ஒவ்வொரு காரும் கொண்டுவரும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரே கட்டடம்தான், ஆனால் கீழ்மாடிகள் வாழ்வது வேறு வானிலையில்.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 456:2000 இதற்குப் படிநிலைகள் வைத்திருக்கிறது. உப்புக்காற்றிலிருந்து மறைவாக இருந்தால் 'மிதமான' சூழல்: குறைந்தபட்சம் எம்25 கான்கிரீட், கம்பிக்கு மேல் 30 மி.மீ. உறை. கடற்கரைச் சூழலுக்கு நேரடியாகத் திறந்திருந்தால் 'கடுமையான' சூழல்: எம்30, 45 மி.மீ. உறை. அரிக்கும் நிலத்தடி நீரைத் தொட்டுக்கொண்டிருந்தால் 'மிகக் கடுமையான' சூழல்: எம்35, 50 மி.மீ. உறை. உள்ளே ஆபீஸுக்கு வாங்கிய அதே கலவையை, அதே உறையோடு பார்க்கிங்கிலும் போட்டுவிட்டால், பத்து பதினைந்து வருடத்தில் தளத்தின் அடியில் துருக்கோடுகள் தெரிய ஆரம்பிக்கும்.

இந்த உறை கிடைக்க, சைட்டில் செய்வது ரொம்பச் சின்ன வேலை. கம்பிக்குக் கீழே 'கவர் பிளாக்' எனும் சிறு கட்டிகளை வைக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மேலே நடந்து கம்பி மிதிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு தண்ணீர் விட்டு ஆறவைக்க வேண்டும்: சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் அல்லது கசடு கலந்த சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள். தளம் தட்டையாகத் தெரிந்தாலும், தண்ணீர் வடிகாலுக்கு ஓட மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு இருக்க வேண்டும். கோடிக்கணக்கில் செலவாகும் கட்டடத்தின் ஆயுள், சில ரூபாய் கட்டிகளிலும் பத்து நாள் தண்ணீரிலும் இருக்கிறது.

*நிலம் அதிர்ந்தால்?* பார்க்கிங் மாடியில் சுவர்கள் குறைவு. மேலே சுவர்களோடு விறைப்பாக நிற்கும் மாடிகள், கீழே வெறும் தூண்கள் என்று அமைந்தால், நிலநடுக்கத்தில் மொத்த அசைவும் அந்த ஒரு மாடியில் குவியும். 2001 ஜனவரி 26 புஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கி.மீ.க்கும் அதிகத் தொலைவில் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. அவற்றில் பல, தரைமட்டத்தில் பார்க்கிங்குக்காகத் திறந்துவிடப்பட்டவை. நிலநடுக்கத் தரமான ஐ.எஸ். 1893:2016-ல் மும்பை, அகமதாபாத் இரண்டும் ஒரே மண்டலம் III-ல்தான் வருகின்றன. லிஃப்ட்டைச் சுற்றியுள்ள கனமான கான்கிரீட் சுவர்கள் அடித்தளம்வரை இறங்க வேண்டும் என்று பொறியாளர்கள் அடம்பிடிப்பது இதனால்தான்.

தீப்பிடித்தால் திறந்த மாடி போதுமா?

பக்கங்கள் திறந்திருந்தால் புகை வெளியேறிவிடும், பெரிய ஆபத்து இல்லை என்று நீண்ட காலம் நம்பினார்கள். 2017 டிசம்பர் 31-ல் லிவர்பூலின் கிங்ஸ் டாக் பார்க்கிங்கில் ஒரு காரில் பிடித்த தீ சுமார் 1,400 கார்களை எரித்தது. 2023 அக்டோபர் 10-ல் லண்டன் லூட்டன் விமான நிலையப் பார்க்கிங்கிலும் ஏறக்குறைய அதே எண்ணிக்கை. இரண்டிலும் தானியங்கித் தண்ணீர்த் தெளிப்பான் கிடையாது. இரண்டு கட்டடங்களும் இடிக்கப்பட்டன. இரண்டு தீயும் மின்வாகனத்தில் தொடங்கியவை அல்ல. இன்றைய கார்களில் பிளாஸ்டிக் அதிகம், கார்களும் பெரிதாகி நெருக்கமாக நிற்கின்றன.

மின்வாகனங்கள் இதில் புதுக் கேள்வியைச் சேர்க்கின்றன. 2024 ஆகஸ்ட் 1-ல் தென்கொரியாவின் இஞ்சியான் நகரில், ஓர் அடுக்குமாடியின் அடித்தளப் பார்க்கிங்கில் நின்றிருந்த மின்கார் எரிந்து, சுற்றியிருந்த வாகனங்களும் வீடுகளும் பாதிக்கப்பட்டன. இந்தியாவில் 2019-ல் திருத்தப்பட்ட மாதிரிக் கட்டட விதிகள், பார்க்கிங்கில் 20 சதவீத வாகனங்களுக்கு சார்ஜிங் வசதிக்கு ஏற்பாடு வேண்டும் என்கின்றன. அந்த 20 சதவீதத்தை எங்கே வைப்பது? தீயணைப்பு வண்டி எட்டும் இடத்திலா, அடித்தளத்தின் கடைசி மூலையிலா? வரைபடத்திலேயே முடிவாக வேண்டிய விஷயம் இது.

காசு யாருடையது?

முன்பு போட்ட உதாரணத்துக்குத் திரும்புவோம். பார்க்கிங் மாடி கட்ட ஒரு சதுர மீட்டருக்கு ரூ. 25,000 என்று வைத்துக்கொண்டால், ஒரு காருக்கு ரூ. 7.5 லட்சம். 133 காருக்குச் சுமார் ரூ. 10 கோடி. நிலத்தின் விலை இதில் இல்லை.

தமிழ்நாட்டு ஒப்பீடு வேண்டுமா? சென்னை தியாகராய நகர் தணிகாசலம் சாலையில் 2021-ல் திறக்கப்பட்ட அடுக்குமாடி வாகன நிறுத்தத்துக்கு ஆன செலவு சுமார் ரூ. 40 கோடி. 200-க்கும் மேற்பட்ட கார்களும் 500-க்கும் மேற்பட்ட இருசக்கர வாகனங்களும் அதில் நிற்கலாம். ஐந்து பைக்கை ஒரு காராக எண்ணினாலும், ஒரு கார் இடத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் வருகிறது.

நம் உதாரணத்தின் ரூ. 10 கோடியை ஆயிரம் ஊழியர்களுக்குப் பிரித்தால் தலைக்கு ரூ. 1 லட்சம். இது தனி பில்லாக வராது. ஆபீஸ் வாடகைக்குள் ஒளிந்திருக்கும், கம்பெனி செலவுக்குள் ஒளிந்திருக்கும், கடைசியில் எல்லோருடைய சம்பளக் கணக்கிலும் ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கும். வடாலா ரோடு ஸ்டேஷனில் ஹார்பர் லைன் லோக்கலிலிருந்து பிதுங்கி இறங்கி நடந்து வருகிறவர், மேலாளரின் காருக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்.

'அப்போ எல்லோரும் ரயிலில் வரலாமே' என்று சொல்லிவிடுவது சுலபம். வடாலாவில் 2014-ல் மோனோ ரயில் ஓட ஆரம்பித்தது, 2025 செப்டம்பரில் மேம்பாட்டுப் பணிக்காக நிறுத்தப்பட்டது. வடாலாவிலிருந்து காட்கோபர் வழியாகத் தாணே நோக்கிப் போகும் மெட்ரோ 4-வது தடத்தின் பணி 2018-லிருந்து நடக்கிறது. நம்பி ஏற ஒரு வண்டி இல்லாதவரை மக்கள் சாவியை எடுக்கத்தான் செய்வார்கள். ஆனால் இன்று கட்டும் பார்க்கிங் மாடி ஐம்பது வருடம் நிற்கும். மெட்ரோ வந்த பிறகும் அது அங்கேயே இருக்கும், 'இடம்தான் இருக்கே, காரிலேயே வாங்க' என்று சொல்லிக்கொண்டு.

மற்ற நகரங்கள் வேறு மாதிரி யோசித்திருக்கின்றன. லண்டன் 2004 முதல், குறைந்தபட்சம் இத்தனை கார் என்பதை விட்டு, அதிகபட்சம் இத்தனை கார்தான் என்று விதியைத் திருப்பிப்போட்டது. ஜப்பானில் 1962 முதல், நிறுத்த இடம் இருப்பதற்கான சான்று காட்டினால்தான் கார் வாங்க முடியும். கலிஃபோர்னியாவின் 1992-ம் ஆண்டுச் சட்டம் இன்னும் சுவாரசியமானது. ஊழியர்களுக்காக வாடகைக்குப் பார்க்கிங் எடுத்துத் தரும் குறிப்பிட்ட நிறுவனங்கள், அந்த இடம் வேண்டாம் என்பவருக்கு அதன் மதிப்பைப் பணமாகக் கொடுக்க வேண்டும்.

நாளை அதை ஆபீஸாக மாற்றலாமா?

பெரும்பாலும் முடியாது. மூன்று காரணங்கள். ஒன்று, உயரம்: பார்க்கிங் மாடியை மூன்று, மூன்றேகால் மீட்டரில் முடித்துவிடுவார்கள், ஏ.சி. குழாயோடு ஆபீஸுக்கு ஏறக்குறைய நான்கு மீட்டர் வேண்டும். இரண்டு, சரிவு: தளமே சாய்தளமாக இருந்தால் அதில் மேஜை போட முடியாது. மூன்று, எடை: 2.5 கிலோநியூட்டனுக்குக் கட்டியதில் 4 கிலோநியூட்டன் ஆபீஸை வைக்க முடியாது.

கட்டும்போதே தட்டைத் தளம், தனியாக ஒதுக்கிய சாய்தளம், கொஞ்சம் கூடுதல் உயரம், ஆபீஸுக்கான சுமை என்று வடிவமைத்தால் முடியும். முதலில் செலவு கூடும். ஆனால் இருபது வருடம் கழித்து இடிக்க வேண்டியிருக்காது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

நீங்கள் இன்ஜினியர் ஆக வேண்டாம். அடுத்த முறை ஆபீஸ் பார்க்கிங்கில் நடக்கும்போது இவற்றைப் பாருங்கள்:

- தளத்தின் அடியில் பழுப்புக் கோடுகள்: உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. கான்கிரீட் சில்லு உதிர்ந்து கம்பி தெரிந்தால் தாமதம் கூடாது.
- தூணின் தலையைச் சுற்றி விரிசல்: வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் தண்ணீர் ஊடுருவுகிறது என்று அர்த்தம். போட்டோ எடுத்து, தேதியோடு பராமரிப்புக் குழுவுக்கு மெயில் அனுப்புங்கள்.
- தேங்கும் தண்ணீர்: மழை நின்று ஒரு நாள் ஆகியும் குட்டை இருந்தால் சரிவோ வடிகாலோ சரியில்லை.
- இயந்திரப் பார்க்கிங்: கடைசிப் பராமரிப்புத் தேதி ஒட்டியிருக்கிறதா? தட்டில் ஆள் இருக்கும்போது இயந்திரம் நகராமல் தடுக்கும் சென்சார் வேலை செய்கிறதா?
- தீ: மேலே தெளிப்பான் இருக்கிறதா? வெளியேறும் படிக்கட்டை யாராவது பைக் நிறுத்தி அடைத்திருக்கிறார்களா?
- அடித்தளம்: மின்சாரம் போனால் பம்ப் ஓட ஜெனரேட்டர் இணைப்பு உண்டா? கனமழை எச்சரிக்கை வந்தால் காரை எடுக்கப் போகாதீர்கள். கார் போனால் இன்ஷூரன்ஸ் இருக்கிறது.

அப்படியே எச்.ஆரிடமும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: பார்க்கிங் இடம் எடுத்துக்கொள்ளாதவருக்கு ரயில் பாஸாவது கொடுப்பீர்களா? சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ஒரு கார் இடத்தின் விலை ஏழரை லட்சம் என்று கணக்குப் போட்டுக் காட்டினால், பதில் சொல்லாமல் இருப்பது அவர்களுக்கும் கஷ்டம்தான்.